எலிக்கடிக் காய்ச்சல்

எலியினால் மனிதனுக்கு வரும் நோய் யாது என்று கேட்டால், வரலாறு படித்தவர்கள் பிளேக் என்பார்கள். செய்தித்தாள் படிப்பவர்கள் எலிக்காய்ச்சல் என்பார்கள். இரண்டும் சரியான விடைகளே. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், பின்னர் வந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிப்பதனால் அந்நோய் பரவிற்று. எலிக்காய்ச்சல் என்று நாம் இன்று சொல்வது லெப்டோஸ்பைரா என்னும் கிருமியால் வருவது. எலியின் சிறுநீர் மழைநீரிலும் சேற்றிலும் கலக்கிறது. அதில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோல் வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே புகுகிறது. இவ்விரண்டிலும் எலி நேரே வந்து நம்மைத் தீண்டுவதில்லை.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது மூன்றாவது ஒன்று. எலி நேரே கடிப்பதனால் வரும் காய்ச்சல் அது. எலிக்கடிக் காய்ச்சல் என்று அதனைக் கூறலாம். எலிக்காய்ச்சல் வேறு, எலிக்கடிக் காய்ச்சல் வேறு என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பெயரில் ஓர் அசைதான் கூடியிருக்கிறது. ஆனால் கிருமியும் வேறு, நோய் நடக்கும் முறையும் வேறு, கண்டறியும் வழியும் வேறு. இது அரிய நோய். அரிய நோய் என்றால் எண்ணிக்கையில் குறைவு என்பது ஒரு பொருள். கண்டுகொள்ளப்படாமல் போவது மிகுதி என்பது மற்றொரு பொருள். இந்நோய்க்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு மருத்துவமனையில் நான் பணியாற்றியபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை தருவது ஒன்றுமில்லை. ஆயினும் இந்நோயைப் பற்றி நான் அறிந்தவற்றுள் பாதிக்கு மேல் அந்த ஒரு நோயாளியிடமிருந்து கற்றவையே.

தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, மும்பையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்த இளைஞன் அவன். பத்தொன்பது வயது. தாய்மாமன் அழைத்து வந்து சேர்த்தார். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், தலைவலி, வலக்கை அக்குளில் எலுமிச்சங்காய் அளவில் நெறி கட்டியிருந்தது. வலக்கை ஆள்காட்டி விரலில் வீக்கமும், நடுவே கறுத்த பொருக்குடன் ஒரு புண்ணும் இருந்தன. கையிலும் மார்பிலும் ஊதாச் சாயல் கொண்ட சிவந்த படைகள் காணப்பட்டன.

"விரலில் என்ன, தம்பி?" என்று கேட்டேன்.

"கோணி ஊசி குத்திவிட்டது, ஐயா. மூட்டை தைக்கும்போது" என்றான்.

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். மலேரியாவுக்கு இரத்தம் பார்த்தோம், இல்லை. டெங்குவுக்குப் பார்த்தோம், இல்லை. புதர்களில் வாழும் சிற்றுண்ணி கடிப்பதால் வரும் ஸ்கிரப் டைஃபஸ் என்னும் காய்ச்சலிலும் கறுத்த பொருக்கும் நெறிக்கட்டும் உண்டு, ஆகவே அதற்கும் பார்த்தோம், அதுவும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகவே இறங்கியது. படைகளும் மங்கின. பையன் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டான். எங்கள் மருந்தினால் குணம் வந்ததென்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

நான்கு நாள் கழித்துக் காய்ச்சல் மறுபடியும் ஏறியது. விரற்புண் மேலும் தடித்தது. படைகள் முன்னைவிட அடர்ந்து தோன்றின. அப்போதுதான், வழக்கமாகச் செய்யும் சோதனைகளுள் ஒன்றாகிய வி.டி.ஆர்.எல். என்னும் இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்து சேர்ந்தது. அது நோய் உண்டு என்று காட்டிற்று. வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸ் என்னும் மேகநோயைத் தேடும் சோதனை.

நேயர்களே, ஓர் அச்சடித்த தாளில் வரும் முடிவுக்கு மருத்துவர் மனத்தில் எத்துணை வலிமை இருக்கிறது என்பதை அன்று கண்டேன். அதுவரை சிதறிக் கிடந்த குறிகள் யாவும் ஒரே நொடியில் வரிசையில் வந்து நின்றுவிட்டன. சிபிலிஸ் நோயில் உடம்பில் படை வரும், வரும்தான். நெறி கட்டும், கட்டும்தான். முதற்புண் அரிதாக விரலிலும் வரலாம், வரலாம்தான். எல்லாம் பொருந்துவதாகத் தோன்றிற்று. ஊரை விட்டு வந்த இளைஞன், தனியாக இருப்பவன், பெரிய நகரம் என்றெல்லாம் எங்கள் மனம் மீதிக் கதையைத் தானே எழுதிக்கொண்டது.

நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இரவில் எங்கே போவாய்?"

"எங்கும் போவதில்லை, ஐயா. கடையில்தான் படுத்துக்கொள்வேன்."

மழுப்புகிறான் என்று நினைத்தேன். உண்மையில், நோயின் காரணம் முழுவதையும் அவன் அந்த ஒரு விடையில் சொல்லிவிட்டான். கேட்கும் காதுதான் எனக்கு இல்லை. அன்று மாலை, என்னுடன் பணியாற்றிய இளைய மருத்துவர் ஒருவர், சொல்லக்கூடாத அந்த நோயின் பெயரைப் பையனின் மாமனிடம் சொல்லிவிட்டார். மாமன் அதற்குமேல் வார்டுக்குள் வரவில்லை. கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று பிறகு அறிந்தேன். மறுநாள் காலை பெனிசிலின் ஊசி போடுவதென்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் பையனைச் சற்றே படுக்கையில் விட்டுவிட்டு, நோயின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

எலி கடித்தால் நோய் வரும் என்பது நம் நாட்டார் பண்டே அறிந்தது. சுசுருத சம்ஹிதையின் கல்பஸ்தானம் என்னும் நஞ்சு மருத்துவப் பகுதியில் எலிக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. எலிகளைப் பதினெட்டு வகையாகப் பிரித்து, நெறி கட்டுதல், வீக்கம், உடம்பில் வட்டப் படைகள், கணுக்களில் வலி, காய்ச்சல் என்று குறிகள் அங்கே கூறப்பட்டிருக்கின்றன. இன்றைய பாடநூலில் உள்ள குறிகளுக்கும் அவற்றுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பைத் தருகிறது. நம் நாட்டில் இதனை மூஷிக விஷம் என்றார்கள். ஜப்பானியர் சொடோக்கு என்றார்கள். அச்சொல்லுக்கும் எலி நஞ்சு என்பதே பொருள். இன்று எலி விஷம் என்றால் எலியைக் கொல்லக் கடையில் வாங்கும் மருந்துதான் நம் நினைவுக்கு வருகிறது. எலி நமக்கு இடும் விஷத்தை மறந்துபோனோம்.

இந்நோயை உண்டாக்கும் கிருமிகள் இரண்டு. அவற்றுள் ஒன்றை முதலில் கண்டவர், பம்பாயில் நெடுங்காலம் பணியாற்றிய ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்னும் ஆங்கில மருத்துவர். 1858ஆம் ஆண்டில் வெளியாகி, உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் கையில் விளங்கிய கிரே என்பாரின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. கூர்ந்த கண்ணும் தேர்ந்த கையும் உடையவர். ஓர் இந்திய எலியின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுருள் வடிவான மிகச் சிறிய உயிர் ஒன்று துள்ளி ஓடுவதைக் கண்டார். அதைப் பற்றிய அவருடைய குறிப்பு 1888ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஸ்பைரில்லம் மைனஸ் என்பது அக்கிருமிக்கு இன்று வழங்கும் பெயர். ஆனால் அது மனிதனுக்கு நோய் தரும் என்பது அப்போது தெரியாது. 1915, 1916ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் புட்டாகி என்பவரும் அவருடைய துணைவர்களும், எலி கடித்துக் காய்ச்சல் கண்டவர்களின் உடலில் சுருள் கிருமியைக் கண்டு காட்டிய பிறகே அந்தத் தொடர்பு விளங்கிற்று.

மற்றொரு கிருமியை 1914ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஷாட்முல்லர் என்பவர், எலி கடித்த ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார். 1925ஆம் ஆண்டில் பாரிஸில் லெவாடிட்டியும் அவர் குழுவினரும், ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவரின் இரத்தத்தில் அதையே கண்டு ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் மோனிலிபார்மிஸ் என்று பெயரிட்டனர். மோனிலிபார்மிஸ் என்றால் கழுத்துமாலை போன்றது என்று பொருள். இக்கிருமி நீண்ட இழையாக வளர்ந்து, இடையிடையே மணி கோத்தாற்போல் பருத்திருக்கும். அதனால் வந்த பெயர் அது.

எலி கடிக்காமலேயும் இந்த இரண்டாவது கிருமி வயிற்று வழியாகப் புகுவதுண்டு. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹேவர்ஹில் நகரில் 86 பேருக்கு ஒருசேரக் காய்ச்சலும் படையும் மூட்டு வலியும் கண்டன. காய்ச்சாத பாலே அதற்குக் காரணமெனத் தெரிந்தது. 1983ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 300க்கு மேற்பட்டோர் இவ்வாறே நோயுற்றனர். பாலையும் நீரையும் காய்ச்சிக் குடி என்று நம் பாட்டிமார் சொல்லும் சொல்லுக்கு இதுவும் ஒரு சான்று.

இவ்விரு கிருமிகளால் வரும் நோய்களையும் ஒரே பெயரால் அழைத்தாலும், அவை நடக்கும் முறையில் தெளிவான வேறுபாடு உண்டு. மாலை வடிவக் கிருமியின் நோய் விரைவில் வருவது. கடிபட்டுப் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள், மிஞ்சினால் பத்து நாளில், நடுக்கத்துடன் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் கடிவாய் நன்றாக ஆறிவிட்டிருக்கும். காய்ச்சல் வந்த சில நாட்களில் உள்ளங்கை, உள்ளங்கால் உட்படக் கைகால்களில் சிவந்த புள்ளிகள் தோன்றும். சில வேளை அவை கொப்புளங்களாகவும் மாறும். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, முழங்கை ஆகிய மூட்டுகள் வலித்து வீங்கும்.

சுருள் கிருமியின் நோய் மெதுவாக வருவது. கடிபட்டு ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஒன்றும் தெரியாது. கடிவாய் ஆறிவிட்டதென்று மறந்திருக்கும் வேளையில், அந்த இடமே மீண்டும் சிவந்து, வீங்கி, புண்ணாகும். அதனை அடுத்துள்ள இடத்தில் நெறி கட்டும். காய்ச்சல் சில நாள் இருந்து, சில நாள் விட்டு, மறுபடியும் வரும். ஊதா கலந்த செம்படைகள் காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு மறையும். மூட்டு வீக்கம் இதில் அரிது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதல் வகையே மிகுதி. ஆசிய நாடுகளில் இரண்டாம் வகை நெடுங்காலமாக அறியப்பட்டது.

இத்தனை தெளிவான குறிகள் இருக்கும்போது கண்டறிவதில் என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். தடைகள் மூன்று.

முதலாவது, நோயாளி சொல்வதில்லை. சுருள் கிருமியின் நோயில் கடிக்கும் காய்ச்சலுக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் கடந்துவிடுகிறது. ஆறிய புண்ணை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. நீரிழிவு முற்றிக் கால் மரத்தவர்களுக்கும், தொழுநோயால் உணர்ச்சி இழந்தவர்களுக்கும் எலி கடித்ததே தெரியாது. உறக்கம் கலையாமலே விரல் நுனி கடிபட்டிருக்கும். தெரிந்தவர்களுள்ளும் சிலர் வெட்கத்தால் மறைக்கிறார்கள். வீட்டில் எலி இருக்கிறது என்று சொல்வது குடும்பத்திற்குக் குறைவு என்று எண்ணுகிறார்கள்.

இரண்டாவது, நோய் பல வேடம் புனைகிறது. விட்டு விட்டு வருவதால் மலேரியா போலத் தோன்றும். மூட்டு வீங்குவதால் வாதக் காய்ச்சல் போலத் தோன்றும். படை வருவதால் டெங்கு என்றும், பொருக்கு இருப்பதால் ஸ்கிரப் டைஃபஸ் என்றும் ஐயுற இடமுண்டு. எலி என்ற சொல்லும் நெறிக்கட்டு என்ற சொல்லும் ஒன்றாக வந்தால், பிளேக் என்ற அச்சமும் எழலாம். 1994ஆம் ஆண்டில் சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி பரவியதும், இலட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினர். ஆகவே இத்தகைய நோய்களில், தெளிவின்றிப் பெயர் சொல்லுவதும் தீங்கு. தெளிவு பெறத் தாமதிப்பதும் தீங்கு.

மூன்றாவது, ஆய்வுக்கூடத்தில் கிருமி எளிதில் அகப்படுவதில்லை. சுருள் கிருமியை இன்றுவரை செயற்கை உணவில் வளர்க்க முடியவில்லை. புண்ணின் நீரையோ, நெறியிலிருந்து எடுத்த நீரையோ, இரத்தத்தையோ கரும்புல நுண்ணோக்கியில் கண்ணால் காணுவதே வழி. அகப்படாதபோது ஆய்வுக்கூடத்து எலிக்கோ சீமைப் பெருச்சாளிக்கோ செலுத்திப் பார்ப்பது பழைய முறை. கரும்புல நுண்ணோக்கியில் பின்புலம் இருட்டாக இருக்கும். கிருமி மட்டும் ஒளியுடன் தெரியும். கதவிடுக்கில் நுழையும் வெயிற்கற்றையில் தூசு மின்னுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அது போன்ற காட்சி.

மாலை வடிவக் கிருமியை வளர்க்கலாம். ஆனால் அது பெரிதும் அடம்பிடிப்பது. இரத்தமோ, இரத்தத்தில் தெளிந்த நீரோ கலந்த ஊடகம் வேண்டும். கரியமில வாயு சற்றுக் கூடுதலாக வேண்டும். பல நாள் பொறுமையும் வேண்டும். இவற்றுக்கும் மேலாக ஒரு நுட்பம் உண்டு. நோயாளியின் இரத்தத்தைக் கிருமி வளர்ப்புக்காக ஊற்றும் குப்பிகள் பலவற்றில், இரத்தம் உறையாமலிருக்க சோடியம் பாலியனித்தோல் சல்ஃபோனேட் என்னும் ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். மற்றப் பல கிருமிகளை வளர்ப்பதற்குத் துணைசெய்யும் அப்பொருள், இந்தக் கிருமியை வளரவொட்டாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே கிருமி உள்ள இரத்தத்தைக் குப்பியில் ஊற்றினாலும், கிருமி இல்லை என்றே விடை வரலாம். 'இன்ன நோய் என்று ஐயுறுகிறேன்' என்று மருத்துவர் முன்னரே எழுதி அனுப்பினால், ஆய்வாளர் அப்பொருள் இல்லாத குப்பியையும் தக்க ஊடகத்தையும் தேர்ந்துகொள்வார். கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கி அடையாளம் காணும் பி.சி.ஆர். முறை இப்போது இத்தடையைப் பெரிதும் தாண்ட உதவுகிறது. எனினும் அதையும் யாராவது கேட்டால்தானே செய்வார்கள்? ஆய்வுக்கூடம் கேட்ட கேள்விக்குத்தான் விடை தரும். கேட்காத கேள்விக்குத் தராது.

இப்போது அந்தப் பையனிடம் திரும்புவோம்.

அன்று இரவு நான் அவனுடைய காய்ச்சல் பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் ஏற்றம், நான்கு நாள் இறக்கம், மறுபடி ஏற்றம். மலை, சமவெளி, மலை. சிபிலிஸ் நோயில் காய்ச்சல் இவ்வாறு படி வைத்து ஏறி இறங்குவது வழக்கமன்று. இது ஒன்று பொருந்தவில்லை. பொருந்தாத ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பிடித்துக்கொள்வது எளிது. நான் அதுவரை செய்தது அதுவே.

அவன் கட்டிலின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இம்முறை நின்றுகொண்டு கேட்கவில்லை.

"கடையில் எங்கே படுப்பாய், தம்பி?"

"அரிசி மூட்டை மேலே, ஐயா. நாங்கள் நான்கு பேர்."

"எலி உண்டா?"

அவன் விடை சொல்லவில்லை. தன் விரலைப் பார்த்தான். சிறிது நேரம் கழித்து, "முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், ஐயா. கடையில் எலி என்று வெளியில் சொல்லக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்" என்றான். கடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். காய்ச்சலுக்கு இரண்டு வாரம் முன்பு என்றான். கோணி ஊசி குத்தியதும் பொய்யன்று. அது பழைய காயம், வேறு விரலில்.

பெனிசிலின் ஊசியைக் காலையில் போடுமுன், புண்ணின் விளிம்பிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து, கரும்புல நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம். சிபிலிஸ் கிருமியும் சுருள் வடிவினதே. ஆனால் அது மிக மெல்லியது. பல நெருங்கிய சுருள்களுடன், திருகாணிபோல் நிதானமாகச் சுழன்று செல்வது. நாங்கள் கண்டது வேறு. குட்டையாக, தடித்து, விறைப்பாக, சில வளைவுகள் மட்டுமே கொண்டு, இரு முனையிலும் உள்ள இழைகளின் விசையால் அம்பென இங்குமங்கும் பாய்ந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் வாழ்ந்த கார்ட்டரின் கண்ணில் பட்ட காட்சி இதுவாகத்தான் இருந்திருக்கும்! சிபிலிஸ் கிருமிக்கே உரிய தனிச் சோதனையையும் செய்தோம். இல்லை என்றே வந்தது.

அப்படியானால் வி.டி.ஆர்.எல். சோதனை பொய் சொல்லிற்றா? பொய் சொல்லவில்லை. அச்சோதனை கிருமியை நேரே காண்பதன்று. நோயினால் உடலில் தோன்றும் ஒரு வகை எதிர்ப்பொருளை அளப்பது. அப்பொருள் சிபிலிஸ் நோயில் மட்டுமன்றி, மலேரியா, தொழுநோய் முதலிய வேறு நோய்களிலும், சுருள் கிருமியால் வரும் எலிக்கடிக் காய்ச்சலிலும் தோன்றுவதுண்டு. சோதனை சொன்னது ஒன்று. நாங்கள் கேட்டுக்கொண்டது வேறொன்று.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. எலிக்கடிக் காய்ச்சலுக்கும் மருந்து பெனிசிலினே. இரு கிருமிகளும் அதற்கு அடங்கும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்கிளின் உண்டு. நாங்கள் தவறான நோய்க்காக அந்த ஊசியைப் போட்டிருந்தாலும், காய்ச்சல் தணிந்திருக்கக்கூடும். அப்படியிருக்க, சரியாகக் கண்டறிந்ததனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

பயன் இதுதான். ஊசி போட்டிருந்தால் கிருமி அழிந்திருக்கும். கூடவே உண்மையும் அழிந்திருக்கும். பையன் உடல் தேறி வெளியே போயிருப்பான்; அவன் செய்யாத ஒரு குற்றத்தின் பெயர் வாழ்நாள் முழுவதும் அவனோடு போயிருக்கும். மாமன் திரும்பி வந்திருக்கமாட்டார். ஊரிலுள்ள தாய்க்குச் செய்தி போயிருக்கும். அது மட்டுமன்று. அந்த அரிசி மூட்டைகளின்மேல் இன்னும் மூன்று பேர் படுத்திருந்தார்கள். அவர்களுள் ஒருவனின் கால் விரலிலும் ஆறிய பல் தடம் இருந்ததைப் பிறகு கண்டோம். நோயின் பெயர் தவறாகியிருந்தால், அந்தக் கடைக்கு யாரும் போயிருக்கமாட்டார்கள். நோயைக் கண்டறிவது மருந்தைத் தேர்வதற்கு மட்டும் என்று எண்ணியிருந்தேன். நோயாளியின் மானத்தைக் காப்பதற்கும், அவன் பக்கத்தில் படுத்திருப்பவனைக் காப்பதற்கும் அதுவே வழி என்பதை அன்று அறிந்தேன்.

மாமனை நானே போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எலியா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை வார்டுக்குள் வந்து பையனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். கடை முதலாளியிடமும் பேசினோம். அவர் கோபப்படவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் பையனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பின்னர் ஒருநாள் நான் அந்த வழியே போனபோது, அரிசி மூட்டைகள் பலகைமேல் ஏற்றப்பட்டிருந்ததையும், பருப்பு வகைகள் மூடியுள்ள தகர டப்பாக்களுக்கு மாறியிருந்ததையும் கண்டேன். பையன்கள் படுப்பதற்கு மேலே ஒரு பரண் கட்டியிருந்தார்.

நேயர்களே, இந்நோயை அஞ்ச வேண்டியதில்லை. அசட்டை செய்யவும் கூடாது. எலி கடித்தவர் எல்லோருக்கும் இது வருவதில்லை. ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வரலாம் என்பது மதிப்பீடு. மருந்தின்றி விட்டால், நோயுற்றவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் உயிரிழக்கக்கூடும். கிருமி இருதயத்தின் உள்வால்வுகளைப் பற்றிக்கொண்டால் ஆபத்து இன்னும் மிகுதி. உரிய காலத்தில் பெனிசிலின் கிடைத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மருந்தை ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர்வது வழக்கம். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாகாது. இது விட்டு வரும் நோய் என்பதை மறக்கக்கூடாது.

எலி கடித்தால் உடனே செய்யவேண்டியது எளிது. ஓடும் நீரில் சோப்பிட்டுக் காயத்தை நன்றாகக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் முதலியவற்றை அப்பவேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தடைமருந்து வேண்டுமா, இசிவு நோய்த் தடுப்பூசி வேண்டுமா, வேறு தடுப்பூசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். கடித்த நாளைக் காலண்டரில் ஒரு கோடிட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், 'இன்ன நாளில் எலி கடித்தது' என்பதே நீங்கள் மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். எலியை உண்ணும் பூனையின் கடியாலும் கீறலாலும்கூட இது அரிதாக வருவதுண்டு. எலியைச் செல்லமாக வளர்ப்பவர்களும் இதை நினைவில் கொள்ளவேண்டும். எலி நோயின்றி நலமாகத் தோன்றும். ஆயினும் அதன் வாயில் கிருமி இருக்கும்.

பால் குடித்த வாயோடு குழந்தையைத் தரையில் உறங்க விடாதீர்கள். வாயைத் துடைத்து, கொசுவலை கட்டிக் கிடத்துங்கள். எலியும் அணுகாது, கொசுவும் அணுகாது. நீரிழிவுள்ளவர்கள் காலையில் எழுந்ததும் தம் கால் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மருத்துவ மாணவர்கள் யாரேனும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒரு சொல். காரணம் தெரியாத காய்ச்சலில் ஒருவரைக் காணும்போது, 'என்ன உண்டீர், எங்கே சென்றீர்' என்று கேட்கிறோம். அவற்றோடு, 'எங்கே உறங்குகிறீர்?' என்றும் கேளுங்கள். நம் நாட்டில் எத்தனையோ பேர் கடையிலும், கிடங்கிலும், கட்டடம் எழும் இடங்களிலும், நடைபாதையிலும் உறங்குகிறார்கள். அவர்களுடைய நோய்க்குக் காரணம் பல நேரங்களில் அந்த உறங்குமிடத்திலேயே இருக்கிறது. கேட்டபின், அவர்கள் சொல்லும் விடையை நம்புங்கள்.